பொக்கையனின் பல்

“பொக்கையனுக்குப் பல்லு கெடச்சுட்டா, அப்புறம் அவன் யாரு மாமா?”

பல் மருத்துவமனையின் பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவளுக்கு முன்பல் ஒன்று போயிருந்தது. அந்த இடத்தில் மாட்டிக்கொள்ள ஒற்றைப் பல் வைத்த பிளேட் செய்து கொடுத்திருந்தார்கள். அவள் அதை வாயில் போடாமல் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். அளவு சரியில்லை போலிருக்கிறது, செய்தவரிடமே காட்டட்டும் என்று டாக்டரம்மா அவளைப் பின்னறைக்கு அனுப்பியிருந்தார்.

செய்தவருக்கு அங்கே ‘செட்டுக்காரர்’ என்று பெயர். பல்செட் செய்கிறவர். அவருடைய அறையில் ஜன்னல் உயரத்துக்கு அலமாரி. அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய் அச்சுகள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவரிடம் இருந்தது. பேசத்தான் ஆளில்லை. அவர் செய்த செட்டை முன்னறையில் டாக்டரம்மா பொருத்துவார். “கடிச்சுப் பாருங்க” என்று டாக்டரம்மா சொல்வதும், கடித்துப் பார்த்தவர் நீண்ட நாளைக்குப் பிறகு சிரிப்பதும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு அவர் அடுத்த வாயை எடுத்து வைத்துக்கொள்வார்.

சிறுமி கேட்ட பொக்கையன் யாரென்று தெரியாதவர்கள் குறைவு. டிவியில் வந்த நீர்யானைக் குட்டி. தொலைந்துபோன முன்பல்லை ஆற்றிலும் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் தேடிக்கொண்டே இருக்கும். கிடைக்காது. ஒவ்வொரு நாளும் கடைசியில் நம்மைப் பார்த்து, “நாளைக்குப் பார்ப்போம்” என்று ஓட்டைப் பல்லோடு சிரிக்கும்.

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா,” என்றாள் சிறுமி. “ஸ்கூல்ல எல்லாரும் என்னைப் பொக்கைன்னுதான் விளையாடக் கூப்பிடறாங்க. முன்னாடி யாரும் கூப்பிட மாட்டாங்க. பல்லு வந்துட்டா யாரைக் கூப்பிடுவாங்க?”

செட்டுக்காரரிடம் யாரும் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அவருக்குப் பொக்கையனைத் தெரியும். மனைவி படுக்கையில் இருந்த மாதங்களில் மாலையானால் இருவரும் அதைத்தான் பார்ப்பார்கள். வலி மறந்து அந்தம்மா சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான். ஒருநாள், “ஊருக்கெல்லாம் பல்லு கட்டறீங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கட்டிக் குடுங்களேன்” என்றார். “கட்டிட்டாப் போச்சு. அளவெடுக்க வரச் சொல்லு” என்றார் இவர். அந்தம்மா இருமல் வரும்வரை சிரித்தார்.

பிறகு அந்தம்மா போய்விட்டார். சில வாரங்களில் தொடரும் நின்றது. பொக்கையனின் சொந்தக்காரர்களான நிறுவனம், ‘தேடலுக்குச் சிறு இடைவேளை’ என்று அறிவித்தது. செட்டுக்காரரின் வீட்டில் மாலை நேரம் என்று ஒன்று இருந்தது. அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அளவெடுக்க வரச் சொல்லு என்றது வேடிக்கைக்குத்தான். ஆனால் போய்விட்டவர்களிடம் சொன்ன வேடிக்கை வாக்காக மாறிவிடுகிறது. கடவுள் ஏனோ அப்படித்தான் வைத்திருக்கிறார்.

அந்த வாரம் அவர் மனைவியின் பழைய போர்வையை வெட்டி ஒரு நீர்யானைக் குட்டி தைத்தார். பஞ்சு அடைத்தார். பல்செட்டுக்குப் போடும் இளஞ்சிவப்புப் பொருளிலேயே ஈறு செய்து வாயில் வைத்தார். கைவசம் இருந்த பற்களைப் பொருத்திப் பார்த்தார். எதை வைத்தாலும் குட்டி வட்டிக்கடைக்காரர் மாதிரி இருந்தது. கடைசியில் தாமே ஒரு பல் செதுக்கி, மாட்டவும் கழற்றவும் வருகிற மாதிரி பொருத்தினார்.

சிறுமி வந்ததும் பல்லைக் கழற்றிக் காட்டி, “இது யாரு?” என்றார்.

“பொக்கையன்.”

பல்லை மாட்டினார். “இப்ப?”

அவள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பொக்கையன்தான். இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கான்” என்றாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்துத் தன் பிளேட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பின்னறைக்குக் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். பல் பிடுங்கப் பயந்தவர்கள், பிடுங்கிக்கொண்டு அழுதவர்கள், அண்ணன் பல்லுக்குத் துணையாக வந்த தம்பிகள். பல் எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் ஒரு கதை சொன்னார். பல்லை ஒரு குருவி எடுத்துப்போய்க் கூட்டில் வைத்திருந்தது. முட்டை உருளாமல் அதுதான் தடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பொக்கையன் கேட்காமலே திரும்பிவிட்டான். குஞ்சுகள் பறந்த பிறகு குருவியே பல்லைக் கொண்டுவந்து கொடுத்தது. கதை நன்றாக இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. சொல்லும்போது அறையில் சத்தம் இருந்தது. அது நன்றாக இருந்தது.

சிறுமியின் அம்மா, மகள் பல் தெரியச் சிரித்தபடி பொம்மையைக் கட்டிக்கொண்டிருப்பதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ‘எங்கள் செட்டுக்காரர் பொக்கையனுக்கும் பல் கட்டிவிட்டார்’ என்று எழுதியிருந்தார்.

நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரே மாதிரி ஊதா டை. டையில் சின்ன நீர்யானை. பொம்மையை நான்கு பக்கமும் படமெடுத்தார்கள், வாயை அளந்தார்கள். ஒருவர் அலமாரியில் வரிசையாக இருந்த ஓட்டை வாய்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, இவையும் பொக்கையன் வகையா என்று விசாரித்தார். இல்லை, ஊர் ஜனங்கள் என்றார் செட்டுக்காரர். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. ‘சந்தேகத்துக்குரியவை’ என்று எழுதிக்கொண்டார். பொம்மையோடு தலைமை அலுவலகத்துக்கு வந்து விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பொக்கையன் பிரம்மாண்டமாகப் படுத்திருந்தான். வாய் திறந்திருந்தது. குழந்தைகள் தலையை நுழைத்துப் படமெடுத்துக்கொள்ளத்தான் முதலில் அப்படிச் செய்தார்களாம். அனுமதி பெறாத படங்கள் பெருகியதால் இப்போது சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. மேலே, ‘சேர்ந்தே தேடுவோம்’ என்று எழுதியிருந்தது.

வாசல் காவல்காரர் செட்டுக்காரர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்தார். “இங்க வர்றவங்களுக்கு நேரமாகும். உக்காருங்க ஐயா” என்றார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் நடந்தவற்றில் விளக்கம் தேவைப்படாத செயல் அது ஒன்றுதான்.

காத்திருப்பு அறையில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு பேக்கரிக்காரம்மா; பிறந்தநாள் கேக்கில் பொக்கையனை வரைந்துவிட்டார். கேக்கை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டார்கள் என்றால், சாப்பிட்டவர்களின் பெயரைக் கேட்கிறார்களாம். அவருக்கு அடுத்து ஒரு பெரியவர், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பல் இல்லை. பேரன் அவர் படத்தின் கீழே ‘எங்க வீட்டுப் பொக்கையன்’ என்று எழுதிப் போட்டுவிட்டான். விசாரணை முடியும்வரை பொது இடத்தில் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு.

“பல்லு கட்டிக்கலாமே பெரியவரே,” என்றார் செட்டுக்காரர், தொழில் பழக்கத்தில்.

பெரியவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு, “கட்டினா ஆதாரத்தை அழிச்ச மாதிரி ஆகுமாம்பா” என்றார்.

பாதுகாப்புப் பிரிவின் தலைமை அதிகாரி அன்பானவர். எழுந்து வந்து கைகொடுத்தார். ரசிகர்களை நிறுவனம் எவ்வளவு நேசிக்கிறது என்பதைச் சற்று நேரம் விளக்கினார். “அவ்வளவு நேசிக்கிறதாலதான் ஒவ்வொருத்தர் வீட்டு விலாசமும் எங்ககிட்ட இருக்கு” என்றார்.

செட்டுக்காரர் பொம்மையை மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தொடரையும் பார்த்ததில்லையாம். பார்த்தால் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் கடமை தவறும். நிறுவனத்தில் யாருமே பார்ப்பதில்லை, வரைந்தவர்களும் இப்போது இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

“அப்ப இங்க என்ன செய்யறீங்க ஐயா?”

“காக்கறோம். படைக்கறது யாரு வேணும்னாலும் செய்யலாம். அதான் பிரச்சினையே.”

தொடர் நின்றுபோய்விட்டது, பல்லும் கிடைக்கவில்லை; ஒரு குழந்தைக்காகத்தான் செய்தேன், விற்கவில்லை என்று செட்டுக்காரர் சொன்னார். அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். பல் கிடைக்காததுதான் நிறுவனத்தின் அஸ்திவாரம் என்றார். பிரஷ், பை, படுக்கை விரிப்பு எல்லாம் அந்த ஓட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. “உங்களுக்கு அது வெறும் ஓட்டை. எங்களுக்கு அது சொத்து. நீங்க எங்க சொத்தை அடைச்சுட்டீங்க.”

செட்டுக்காரருக்குச் சிறுமியின் கேள்வி நினைவுக்கு வந்தது. ஓட்டைதான் பொக்கையன் என்றால், பல் வைத்த இந்தப் பொம்மை பொக்கையன் இல்லையே, பிறகு எதற்கு வழக்கு என்று பணிவாகக் கேட்டார்.

அதிகாரி முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினார். தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டார். தோற்றப் பிரிவிலிருந்து ஒருவரும் கதைப் பிரிவிலிருந்து ஒருவரும் வந்தார்கள். பல் இருந்தால் அது பொக்கையனே அல்ல, ஏதோ ஒரு நீர்யானை என்றார் தோற்றப் பிரிவுக்காரர். பல் கிடைத்த பிறகும் பொக்கையன் பொக்கையன்தான், நாளைய பொக்கையன் என்றார் கதைப் பிரிவுக்காரர். முன்னவர் சொல்வதை ஏற்றால் செட்டுக்காரரை விட்டுவிட வேண்டும். பின்னவர் சொல்வதை ஏற்றால் பல் கிடைத்துவிட்டதாக ஆகும். இருவரும் அடுத்த அறைக்குப் போய் நெடுநேரம் சத்தம் போட்டார்கள். செட்டுக்காரர் பொம்மையின் காதை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்வையில் இன்னும் லேசாகத் தைல வாசனை இருந்தது.

முடிவை அதிகாரி வாசித்தார். “இது எங்களுடைய பொக்கையன். ஆனா நாங்க இன்னும் அனுமதிக்காத நிலையில இருக்கான். அதாவது, நீங்க எங்க எதிர்காலத்தைத் திருடியிருக்கீங்க.”

தண்டனை கடுமையாக இல்லை, நிறுவனம் இரக்கமுள்ளது. கதை கேட்ட குழந்தைகளிடம் மறுப்பு வாசிக்க வேண்டும். பல்லை முறைப்படி நீக்கிப் பொம்மையை ஒப்படைக்க வேண்டும். பல் கிடைத்ததாக இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ‘ஒருபோதும்’ என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தது. செட்டுக்காரர் போட்டார். எதிர்த்து வழக்காட அவருக்குத் தெரியாது. வீட்டில் போய் யாரிடமும் யோசனை கேட்கவும் வழியில்லை. பல் நீக்கும் நாள்வரை பொம்மை அங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுப்பு வாசிப்பு மருத்துவமனையின் முன்னறையில் நடந்தது. ஊதா டைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மா கதவோரம் கைகட்டி நின்றார். குழந்தைகள், இன்னொரு கதை கிடைக்கும் என்ற ஆசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செட்டுக்காரர், நிறுவனம் கொடுத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தார். பொக்கையனுக்குப் பல் கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொன்னது உண்மைக்கு மாறானது. அப்படி ஒரு குருவியை நிறுவனம் அறியாது.

குழந்தைகள் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறுமி மட்டும் எழுந்தாள்.

“அப்ப நீங்க சொன்னது பொய்யா மாமா?”

செட்டுக்காரர் ஊதா டைக்காரரைப் பார்த்தார். தாளில் இல்லாததைப் பேசக் கூடாது என்பது விதி. அவர் தாளை மடித்தார். சிறுமி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வாயிலிருந்து பிளேட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

குழந்தைகள் பின்னறைக்கு வருவது அன்றோடு நின்றது. அவர்கள்மேல் கோபமில்லை, பொம்மை இல்லாத அறைக்கு எதற்கு வருவார்கள். செட்டுக்காரர் அந்தப் பிளேட்டைக் கழுவித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்தார். காய்ந்தால் கெட்டுவிடும். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை மாற்றினார்.

பல் நீக்கும் சடங்குக்கு அவரையே கருவிகளோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு கூட்ட அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. மேசைமேல் பொம்மை. சுற்றிலும் பிரிவுக்கு ஒருவராக அதிகாரிகள். பொக்கையன் வலியால் துடிப்பதாகக் காட்டக் கூடாது என்பது நிறுவனத்தின் நெடுநாள் விதியாம். ஆகையால் பல்லை மென்மையாக எடுக்க வேண்டும், கருவி எதுவும் அவன் கண்ணில் படக் கூடாது. தோற்றப் பிரிவுக்காரர் ஒரு துணியால் பொம்மையின் கண்களை மறைத்துப் பிடித்துக்கொண்டார். கதைப் பிரிவுக்காரர் அதன் காலைப் பிடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

செட்டுக்காரர் விரலால் லேசாக நெம்பினார். பல் கையோடு வந்தது.

“வலிச்சுதா?” என்று அதிகாரி அக்கறையாகக் கேட்டார். யாரைக் கேட்டார் என்று விளங்காததால் யாரும் பதில் சொல்லவில்லை.

பொம்மையை ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டார்கள். பல்லை எடுத்துக்கொள்ளப் போகும்போதுதான் நிறுவனத்தின் வக்கீல் ஓடிவந்து தடுத்தார். பொக்கையனுக்குப் பல்லே கிடையாது. இதை நிறுவனம் பெற்றுக்கொண்டால், பல் இருக்கிறது, அது நம்மிடம் கிடைத்திருக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லோரும் மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கினார்கள்.

“அப்ப இதை என்ன செய்ய?” என்றார் செட்டுக்காரர்.

“எதை?” என்றார் அதிகாரி.

செட்டுக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூரையைப் பார்த்தார்கள்.

“இல்லாத பொருளைப் பத்தி நாங்க எதுவும் சொல்ல முடியாதுங்க,” என்றார் அதிகாரி, மிக அன்பாக. “நீங்க போயிட்டு வாங்க.”

அவர் கீழே வந்தார். பையில் கருவிகள், கையில் இல்லாத பல். மனைவியின் போர்வை மேலே முத்திரைக்குள் இருந்தது. வெளியே போனால் தெரு, தெருவைத் தாண்டினால் பேருந்து, பேருந்தை விட்டு இறங்கினால் பூட்டிய வீடு. கூடத்திலேயே நின்றுவிட்டார்.

காவல்காரர் அவர் முகத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “முடிஞ்சுதா ஐயா? எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“என் பொண்ணும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தா. தினம் கேப்பா, கெடச்சுதான்னு.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “உக்காருங்க. கேன்டீன்ல சூடா ஏதாவது வாங்கிட்டு வரேன். ஆளு ஒரு மாதிரி இருக்கீங்க.”

அவர் போனதும் கூடம் காலியானது. மதிய உணவு நேரம். கயிற்றுக்கு உள்ளே பொக்கையன் வாயைத் திறந்தபடி படுத்திருந்தான். இத்தனை பெரிய உடம்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க யாருமில்லை. வீட்டு டிவியில் பார்த்த அதே சிரிப்பு. அந்தம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு, நாளைக்காவது கிடைக்கிறதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போன மாலைகளில் திரையில் அவன் சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அவர் பட்ட கடனை வேறு எந்த விதத்திலும் திருப்ப முடியாது என்பது அவருக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பையிலிருந்து சின்னக் கிண்ணத்தை எடுத்துப் பொடியையும் திரவத்தையும் கலந்தார். கலந்தால் சற்று நேரத்தில் கல்லாகிவிடும். அவசரப்பட்டாலும் கெட்டுவிடும், தாமதித்தாலும் கெட்டுவிடும். ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத உள்மடிப்பில், ஈறு வளைகிற இடத்தில், பல்லை வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய வாய்க்கு அது பால்பல் மாதிரிகூட இல்லை. அரிசிமணி மாதிரி இருந்தது. ஆனாலும் பல்.

விரலின் கீழே அது சூடாகி, இறுகி, அசையாமல் நின்றது.

கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தார். சொன்னது பொய் இல்லை என்று சொல்லக் கூடாதென்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. சிறுமியின் பிளேட் தண்ணீரில் ஈரமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அவள் வீட்டு வாசலில் போய் நின்று, கண்ணைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம்.

கேன்டீன் பக்கம் இன்னும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. எல்லோருக்கும் மேலே இருப்பவர் ஒருவர் பார்த்திருப்பார்; அவர் யாருடைய விலாசத்தையும் எழுதி வைத்துக்கொள்பவர் அல்ல. செட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே கேட்டு வந்த சொற்களை, நீர்யானையின் கன்னத்தில் கைவைத்துக் குனிந்து, தாமே சொன்னார்.

“கடிச்சுப் பாருப்பா.”